கோபுரம் தெரியுதா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ‘வீடு விற்பனைக்கு’ என்று சுவரில் எழுதிய பெயின்ட் காய்வதற்குள் ஒரு பெரியவர் வந்துவிடுவார். தரகர் இல்லை, கமிஷன் வாங்க மாட்டார். வாங்கினாலாவது கொஞ்சம் பொறுப்பு இருக்கும்.

வீட்டுக்குள் பார்க்க மாட்டார். நேரே மொட்டை மாடி. முழங்காலைப் பிடித்தபடி ஏறி, கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுவார். “ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் முழுசாத் தெரியுதா? பத்து லட்சம் சேர்த்துக்க. கலசம் மட்டுமா? மூணு.” 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது, 190 அடிக்கு மேல். அது தெரியாத மாடியை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, ஊரில் முக்கால்வாசி வீட்டுக்குப் பத்து லட்சம் கூடுதல். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி வைத்து மறைத்தாரோ, பத்து லட்சத்தைத் திருடியவர் ஆகிவிடுவார். ஒருமுறை தூரத்துச் செல்போன் கோபுரத்தைக் கும்பிட்டு இரண்டு லட்சம் கூட்டினார். கண்ணில் புரை.

2019-ல் குளத்திலிருந்து வெளியே வந்த அத்திவரதரைப் பார்க்க 48 நாள் ஊர் நிரம்பி வழிந்ததே, அப்போது ஏற்றிய விலை தனி. பெருமாள் குளத்துக்குள் திரும்பிவிட்டார், விலை திரும்பவில்லை. 2022-ல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததும், விற்பவரிடம் “ஏர்போர்ட் வருது” என்றார், வாங்குபவரிடம் “சத்தம் வரும்” என்றார்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளருக்குக் கோபுரக் கணக்கு கிடையாது. அக்கம்பக்கத்தில் அண்மையில் எந்த வீடு என்ன விலைக்குப் போனது, தெருவில் கார் நுழையுமா, மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரியா, மனை சொந்தமா கோயில் அடிமனையா என்று பார்ப்பார். நிலத்துக்கு ஒரு விலை. கட்டடத்துக்கு வயதுக்கேற்ற தேய்மானம் போக ஒரு விலை. பதிவு அலுவலக வழிகாட்டி மதிப்பு வேறு கணக்கு. 7 சதவீத முத்திரைத்தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் அதுதான் தரைமட்டம். இதைப் பெரியவரிடம் சொன்னால், “அதெல்லாம் காகிதம் தம்பி.”

எந்தக் கல்யாணத்துக்கு எந்த வீடு அடமானம் போனது, யார் மீட்டார், எல்லாம் நாக்கு நுனியில் வைத்திருப்பார். ஒரு வீட்டின் கதையை அவர் சொல்லிக் கேட்டால் நேரம் போவது தெரியாது. அதற்காகவே பல தடவை பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் தறி வீடு என்றால், “குழியை மூடவே ஒரு லட்சம் ஆகும், கழிச்சுக்க” என்பார். அந்தக் குழியில் கால் வைத்து நெய்த கூலியில்தான் அந்த வீடே எழுந்தது. நெசவாளி அவசரத்துக்கு விற்கும்போது மட்டும் இவருக்குக் கோபுரம் தெரிவதில்லை.

எங்கள் தெருவில் அண்ணன், தம்பி பாகம் பிரித்தார்கள். வீடு தம்பிக்கு, பணம் அண்ணனுக்கு என்று பேசி முடித்தாயிற்று. இவர் மாடி ஏறி இறங்கி, அண்ணன் காதில் “இன்னும் பத்து கேள்” என்றார். இப்போது வழக்கு. வீடு பூட்டிக் கிடக்கிறது. அது இன்று என்ன விலைக்குப் போகும் என்று போன வாரம் அவரிடம் கேட்டேன்.

“கோர்ட்ல இருக்கிற வீடு, தம்பி. பாதி கழிச்சுக்க.”