புகைக்கு ஜாதகம்

கேள்வி: அதே காற்று, அதே புகை. புகை எங்கே போகும் என்று கணிக்கும் 'ஏர்மாட்' மென்பொருளை மட்டும் அமெரிக்கா ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறது? ஆலை முதலாளிகளின் வசதிக்கா?

பதில்: பஞ்சாங்கமே வருடாவருடம் மாறுகிறது, புகைக்கு ஜாதகம் கணிப்பவர் மாற்றக் கூடாதா? 2005-ல் விதிக்குள் வந்த ஏர்மாட், காற்று அதிகம் அசையாத இரவுகளில் சறுக்கியது. நிஜத்தைவிட அதிக மாசு காட்டியது. 2017-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதற்கான திருத்தத்தை ஏற்றது. கணக்கு குறைந்தால் முதலாளிக்கு லாபம்தானே என்பீர்கள். லாபம்தான். ஆனால் அதற்குச் சாட்சி முதலாளியின் பேனா அல்ல. 1974-ல் ஐடஹோ ஃபால்ஸிலும் ஓக் ரிட்ஜிலும் தடங்காட்டி வாயுவை விட்டு, மெல்லிய காற்றில் அது பரவியதை அளந்த சோதனைகள். அதோடு, ஆலை இருக்கும் இடத்திலேயே காற்றின் கொந்தளிப்பை அளந்து கணக்கில் சேர்த்தவர், இந்தத் திருத்தத்தையும் சேர்த்துப் போட விதி விடாது. ஒரே தள்ளுபடி இரண்டு தடவை கிடையாது!

ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆலை அனுமதிக்கான அறிக்கையில் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 24142 என்றால் 2024-ம் ஆண்டின் 142-வது நாள், அதாவது மே 21. காலாவதியான கணிப்பை அந்த ஐந்து இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.