அரக்கு வைத்த பார்சல்

இன்ஷ்யூர் செய்யும் பார்சலுக்கு அரக்கு வைக்கும்போது புழக்கத்தில் உள்ள நாணயத்தால் அழுத்தக் கூடாது என்று அந்நாளில் அஞ்சல் துறையில் ஒரு விதி. நாலணாவும் எட்டணாவும் யார் சட்டைப் பையிலும் இருக்கும்; வழியில் எவனாவது அரக்கைப் பெயர்த்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு, புது அரக்கு ஊற்றி அதே நாணயத்தால் அழுத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? வெறும் கோடுகளும் பெருக்கல் குறிகளும்கூட ஆகாது. அனுப்புகிறவருக்கே உரிய அடையாளம் வேண்டும், எல்லா முத்திரையிலும் அது ஒன்றுபோல் விழ வேண்டும். அதனால் கள்ளக்குறிச்சியில் கொடுக்கல் வாங்கல் உள்ள வீடுகளில் பித்தளையில் சின்னதாக ஒரு முத்திரை இருந்தது. எங்கள் வீட்டு முத்திரையில் அப்பாவின் இரண்டு எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்கியிருந்தார்கள். பூஜை அலமாரியில் விபூதிச் சம்புடத்துக்குப் பின்னால் அதற்கு இடம்.

அக்கா கல்யாணமாகி பிலாய்க்குப் போன பிறகுதான் அந்த முத்திரைக்கு உண்மையான வேலை வந்தது. அக்கா மகனுக்கு முதல் பிறந்தநாள் என்றால் இங்கிருந்து வெள்ளி அரைஞாணும் குட்டி மோதிரமும் போய்ச் சேர வேண்டும்; அந்தப் பக்கம் போகிறவர்கள் யாருமில்லை, போனாலும் நகையை நம்பிக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வராது, ஆகவே தபால். சோப்புப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, நகையைப் பொதிந்து, மேலே அனுப்புநர், பெறுநர் முகவரி இரண்டையும் எழுதிய தாளை மடித்து வைப்பாள். அந்தத் தாள் எதற்கு என்று கேட்டிருக்கிறேன். வெளியே எழுதியது மழையில் கரைந்துபோனால், யாருக்கும் சேராத தபால்கள் போய்ச் சேரும் ஆபீசில் பிரித்துப் பார்ப்பார்கள், அப்போது உள்ளே இருக்கிற இதுதான் பேசும் என்பாள் அம்மா. பிற்பாடு தெரிந்துகொண்டேன், அதற்கு ஆர்.எல்.ஓ. என்று பெயர், அம்மா சொன்னது அப்படியே சரி. பெட்டிக்கு மேல் காடாத் துணி, கோணி ஊசியால் நெருக்கித் தையல். காப்பிங் பென்சிலை நாக்கில் தொட்டு அப்பா முகவரி எழுதுவார். அன்று முழுவதும் அவர் உதட்டில் ஊதாக் கறை இருக்கும்.

பிறகு அரக்கு. மெழுகுவத்திச் சுடரில் சிவப்பு அரக்குக் குச்சியைக் காட்டினால் நுனி முதலில் வியர்க்கும், அப்புறம் இளகி, கரும்புகை விட்டு, சொட்டுச் சொட்டாகத் தையல் மேல் விழும். சொட்டு ஆறுவதற்குள் அழுத்த வேண்டும். முத்திரையை எச்சிலால் ஈரமாக்காமல் அழுத்தினால் அரக்கோடு ஒட்டிக்கொண்டு எழுத்து பிய்ந்துவிடும். மூச்சைப் பிடித்து அழுத்தி, மெல்ல அசைத்து எடுத்தால் ஒரு வட்டத்துக்குள் அப்பாவின் எழுத்து நேராக நிற்கும். அந்தப் புகையும் காடாத் துணிக் கஞ்சியின் வாசனையும் கலந்த மணம் வீட்டில் சாயங்காலம் வரைக்கும் இருக்கும். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், மூக்குக்கு ஞாபகம் வரும்.

"மதிப்பு எவ்வளவுங்க போடறது?" என்று கேட்டுக்கொண்டே போஸ்ட்மாஸ்டர் அதைத் தராசில் வைப்பார். எடையைக் கிராம் சுத்தமாக நிறுத்துப் பார்சல் மேலேயே எழுதுவார். அங்கே வாங்குகிறவர் முத்திரையில் சந்தேகப்பட்டால் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம் அல்லவா? அதன் பின் அது எத்தனை கை மாறினாலும் ஒவ்வொரு கையும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்; கித்தான் பைக்குள் இன்னொரு பை, அந்தப் பையின் கழுத்துச் சணலுக்கும் அரக்கு, பேருந்தில் ஏறி, ரயிலில் ஆர்.எம்.எஸ். தபால் பெட்டிக்கு மாறி, இரவெல்லாம் விழித்திருந்து பிரிக்கும் மனிதர்களைத் தாண்டி, மத்தியப் பிரதேசம் என்று அந்நாளில் நாங்கள் எழுதிய தூரத்துக்குப் போய்ச் சேரும். எங்கள் கையில் இருந்தது ரசீது ஒன்றுதான். எங்கே இருக்கிறது, இன்று வந்ததா நாளை வருமா என்று கேட்க வழியில்லை. காத்திருந்தோம். ஒருநாள் அக்காவின் கையெழுத்தோடு அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வரும். நகை சேர்ந்ததா என்று அப்பா பார்ப்பார். அம்மா அந்தக் கையெழுத்தைத்தான் வெகுநேரம் பார்ப்பாள், எழுத்து திடமாக இருக்கிறதா, மகள் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று. இப்போது என் கைபேசியில் 'டெலிவர்டு' என்று ஒரு சொல் வருகிறது, நிமிஷம் தப்பாமல் வருகிறது, நிம்மதியாகத்தான் இருக்கிறது. யாருடைய கையெழுத்தும் அதில் இல்லை.

தபாலில் போகும் பொருளைக் காப்பாற்ற மனிதர் போட்ட மூளையை நினைத்தால் எனக்குப் பிரியம் பெருகுகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் ரூபாய் நோட்டு பெரிய தாளாக ஒரு பக்கம் மட்டும் அச்சாகி வந்தபோது, அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை முதல் தபாலில் அனுப்புவார்கள்; வந்து சேர்ந்தது என்று பதில் கிடைத்த பிறகே மறுபாதி கிளம்பும். வாங்கியவர் இரண்டையும் ஒட்டி மாற்றிக்கொள்வார். வழிப்பறிக்காரனுக்கு ஒரு பாதி கிடைத்து என்ன பயன்? பொருளைக் கொடுக்கும்போதே விலையை வசூலிக்கும் வி.பி.பி. 1877-லேயே வந்துவிட்டது, 1880-ல் மணியார்டர் வந்த பிறகு பணம் காகிதமாகக்கூடப் பயணம் செய்யத் தேவையில்லாமல் போயிற்று, ஓர் ஊரில் கட்டினால் இன்னோர் ஊரில் எண்ணிக் கொடுத்தார்கள்.

அந்த எண்ணிக் கொடுத்தலை நான் நெருங்கிப் பார்த்தது கல்வராயன் மலையில். சித்தப்பா மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். விடுமுறைக்குக் கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தில் ஏறி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக வெள்ளிமலைக்குப் போவேன். 1976 வரைக்கும் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக இருந்த மலை அது. அரசாங்கம் என்பதே பல ஊர்களுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது, அப்படி வந்த அரசாங்கத்தின் முதல் முகங்களில் ஒன்று தபால். கிளை அஞ்சலகம் என்றால் தனிக் கட்டடம் இல்லை. போஸ்ட்மாஸ்டராக இருப்பவரே இடம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே ஒரு திண்ணை, ஒரு தகரப் பெட்டி, ஒரு தேதி முத்திரை. காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகம் போன மகன் அனுப்பிய மணியார்டரை அந்தத் திண்ணையில் வைத்துத் தாய்க்கு எண்ணிக் கொடுப்பார்கள். பெருவிரல் ரேகைக்குச் சாட்சியாகச் சித்தப்பா கையெழுத்துப் போடுவார். பணம் கைக்கு வந்த பிறகும் அந்த அம்மா நகராமல் நிற்பாள். ஃபாரத்தின் அடியில் மகன் எழுதச் சொன்ன இரண்டு வரியைப் படித்துச் சொல்ல வேண்டுமே. "தம்பி, இன்னொருக்கா படிப்பா" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இன்னொரு தடவையும் படித்திருக்கிறேன்.

ஆள் தெரிந்த இடத்தில் திருட்டு நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். யார் கிழித்ததென்று தெரியாத உறைகளும், பணம் குறைந்த மணியார்டர்களும் எல்லா ஊரிலும் இருந்தன. ஆனால் இன்ன பையன் காட்டுக்குத் தேன் எடுக்கப் போயிருக்கிறான், சந்தை நாளில் வருவான், அன்றைக்குத்தான் கொடுக்க வேண்டும், அவன் அண்ணனிடம் கொடுத்தால் சேராது என்பது வரைக்கும் திண்ணைக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஒரு ரிஜிஸ்தர் தபாலுக்கு அதைவிடப் பெரிய காவல் என்ன வேண்டும்?

வேறு வகைக் களவும் இருந்தது. தபால்காரர் அதில் வெறும் தூதர்தான். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் டிரான்சிஸ்டர் படம் போட்டு, முன்பணம் வேண்டாம், வி.பி.பி.யில் அனுப்புகிறோம் என்று விளம்பரம் வரும். போஸ்ட்கார்டு போட்டால் கனமாக ஒரு பார்சல் வரும். பணம் கட்டினால்தான் பிரிக்க முடியும். பிரித்தால் செங்கல் துண்டு. எங்கள் தெருவில் ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார்கள். இன்றைக்குக் கைபேசி கேட்டவருக்குச் சோப்புக்கட்டி வருகிறது என்று செய்தியில் பார்க்கிறபோது அந்தச் செங்கல்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் இப்போதைய பிள்ளைகள் விவரமானவர்கள். அண்ணன் பிரிக்க, தங்கை படம் பிடிக்க, டெலிவரி தம்பியையே சாட்சியாக நிறுத்திவைக்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்த வசதி இருந்திருந்தால் எத்தனை பேருடைய டிரான்சிஸ்டர் ஆசை செங்கல்லாகாமல் இருந்திருக்கும்!

பேருந்தில் கொடுத்தனுப்புகிற வழக்கம் ஒன்று நடுவில் இருந்தது, இன்னமும் மலையில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி நிலையத்தில் டிரைவரிடம் பொட்டலத்தைக் கொடுத்து, "அண்ணே, வெள்ளிமலைல பையன் நிப்பான்" என்று ஒரு வார்த்தை, டீக்கு ஒரு சில்லறை. மருந்து, கண்ணாடி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, கடைசி நேரத்தில் ஞாபகம் வந்த ரவிக்கைத் துணி எல்லாம் அப்படித்தான் ஏறின. ரசீது கிடையாது, இன்ஷ்யூரன்ஸ் கிடையாது. பேருந்தின் எண்ணும் டிரைவரின் முகமும்தான் பத்திரம்.

முகவரியே எங்களுக்கு எத்தனை முறை மாறியது! தென்னாற்காடு மாவட்டம் என்று அப்பா எழுதினார், 1993-க்குப் பிறகு விழுப்புரம் மாவட்டம் என்று நான் எழுதினேன், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று என் மகள் எழுதுகிறாள். 1972-ல் வந்த பின்கோடு இல்லையென்றால் இந்த மாற்றங்களுக்கு நடுவே பாதித் தபால் வழிதவறியிருக்கும் என்று நினைக்கிறேன். எண்ணைக் கண்டு முகம் சுளிக்கிற வயது எனக்கு வந்துவிட்டாலும், அந்த ஆறு எண்ணுக்கு நான் கடமைப்பட்டவன்.

இப்போது எங்கள் ஊரிலிருந்து விலையுள்ள பொருளாகப் போவது மரச்சிற்பம். 2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகளில் செதுக்கும் பிள்ளையாரும் நடராசரும் தூரதேசம் போகிறார்கள். பட்டறைக்காரர் ஒருவர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நுனி, தூக்கிய பாதம், சுடர் வளையம் என்று முதலில் ஒடியக்கூடிய இடங்களுக்குத் தனித்தனியாகப் பஞ்சும் துணியும் சுற்றி, காற்றுக் குமிழித் தாளைப் பல அடுக்காகப் போர்த்தி, பெட்டியைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டார். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டினார். முன்பெல்லாம் வைக்கோல்தான் என்றார். அப்புறம் கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார், உடைந்து போனால் காட்ட.

படம் இருந்தால் மட்டும் போதாது. தபாலில் பொருள் தொலைந்தால் அரசாங்கம் பொறுப்பல்ல என்பதுதான் 1898-ம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை. 2024 ஜூன் 18 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டமும் அந்தப் பாதுகாப்பைத் துறைக்கு வைத்திருக்கிறது. ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், எது குறைவோ அது என்பது நெடுநாள் இருந்த விதி. ஐம்பது ரூபாய் கட்டி அனுப்பிய நிலப்பத்திரத்துக்கு நூறு ரூபாய்! இன்ஷ்யூர் செய்திருந்தால்தான் சொன்ன மதிப்பைக் கேட்க முடியும். அப்பா அரக்கோடும் மெழுகுவத்தியோடும் உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம். அந்தக் காரணம் இன்றும் அப்படியே இருக்கிறது.

2025-ல் ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். நீலக் கோடு குறுக்கே போட்ட, துணி ஒட்டிய அந்தத் தடித்த உறையின் காலம் முடிந்தது. எனக்கு வருத்தம்தான், வேலை உத்தரவும் கோர்ட்டு நோட்டீசும் பரீட்சைச் சான்றிதழும் அதில்தான் வந்தன, ஒவ்வொரு குடும்பத்தின் நல்லதும் கெட்டதும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தன. வேகமும் எங்கே போகிறது என்ற தடமும் கிடைத்ததை மறுக்க மாட்டேன். பிலாய் பார்சலுக்காக அம்மா வாசலைப் பார்த்து நின்ற நாட்களை நினைத்தால், அவளுக்கு இந்தத் தடத்தைக் காட்டியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

ஆனால் மலையை நினைத்தால் கவலை வருகிறது. ஓடிபி சொன்னால்தான் பொருள் கைக்கு வரும் என்பது பட்டணத்தில் நல்ல பூட்டு. கல்வராயன் மலையில் எத்தனையோ குக்கிராமங்களில் கைபேசிக்குச் சிக்னல் எடுக்க மேட்டைத் தேடி ஏற வேண்டும். குறுஞ்செய்தி அங்கே வந்து சேரும்போது டெலிவரிக்காரர் கீழே இறங்கியிருப்பார். தன் பெயருக்கு வந்த பொட்டலத்தைப் பெருவிரல் வைத்து வாங்கிய பாட்டியிடம் எண் கேட்டால் அவள் யாரைக் கேட்பாள்? சிக்னல் இல்லாத ஊர்களில், ஆளைத் தெரிந்த கிளை அஞ்சல்காரரின் சாட்சிக்கு ஓடிபிக்குச் சமமான மதிப்பு கொடுக்க வேண்டும். இதைத் துறை செய்ய முடியும். நூறு ஆண்டுக்கு மேல் செய்து பழகியதுதான்.

2025 அக்டோபர் முதல் ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெறுநர் கையிலோ அவர் அதிகாரம் கொடுத்தவர் கையிலோ மட்டும் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் முகவரியில் இருப்பவர் யார் வாங்கினாலும் சரிதான். ஆகவே பத்திரமோ சான்றிதழோ அனுப்புகிறவர்கள் கவுன்ட்டரில் வாய்விட்டுக் கேளுங்கள்: "ரிஜிஸ்ட்ரேஷனும் சேர்த்துப் போடுங்க." நகையோ சிற்பமோ என்றால் உள்ளே இரண்டு முகவரியும் எழுதிய தாளை வையுங்கள், உண்மையான மதிப்பைச் சொல்லி இன்ஷ்யூர் செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணம் ஐந்து ரூபாயும் வரியும்தான்.