டியூடர்களும் செமஸ்டர் தேர்வும்

தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயில வரும் மாணவர், ஷேக்ஸ்பியரைச் சந்திப்பதற்கு முன்போ சந்தித்த கையோடோ, 'இங்கிலாந்தின் சமூக வரலாறு' என்னும் தாளையும் சந்தித்தே ஆகவேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக வேரூன்றிய ஏற்பாடாகும். முதன்மைப் பாடத்துக்குத் துணைநிற்கும் பொருட்டு வைக்கப்பட்ட இத்தாளைப் பாடத்திட்டம் சார்புப் பாடம் என்றும், மாணவர் வழக்கு 'அலைடு' என்றும் குறிக்கும். மாணவரே பாடங்களைத் தெரிந்தெடுத்துப் பட்டம் பெறும் ஏற்பாட்டுக்கு விருப்பத்தேர்வு முறை என்று பெயர். ஆனால் அந்த விருப்பம் யாருடையது என்று எந்த விதிமுறையும் தெளிவாகச் சொல்லாததால், நடைமுறையில் அது துறைத்தலைவருடையதாகவும், அவருக்கும் மேலாகக் கால அட்டவணையினுடையதாகவும் அமைந்துவிடுகிறது.

தாளின் பரப்பு சிறிதன்று. டியூடர் அரசர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரை மாணவர் எளிதில் நினைவில் கொள்கின்றனர். அவர் மடாலயங்களைக் கலைத்ததை அத்தனை எளிதில் மறந்துவிடுகின்றனர். கம்பளிக்கு நல்ல விலை கிடைத்ததால், ஊரார் பொதுவில் ஆண்ட நிலங்களை நிலவுடைமையாளர்கள் வேலியிட்டு ஆட்டுக்கு விட்ட நிகழ்வு அடைப்பியக்கம் எனப்படும். இங்கிலாந்து ஆட்டைக் கண்ணாலும் கண்டிராத மாணவர், அதனால் நிலமிழந்த உழவருக்காக ஐந்து மதிப்பெண் அளவுக்காவது வருந்த வேண்டியுள்ளது.

மாணவருக்கு உண்மையான தெரிவுரிமை வாய்ப்பது வினாத்தாளில்தான். 'எவையேனும் மூன்று வினாக்களுக்கு விடையளி' என்னும் வரியை நம்பியே, பாதிப் பாடத்தைத் தொடாமல் விடுவதற்கான திட்டம் தீட்டப்படுகிறது. எந்தப் பாதி என்பதைத் தேர்வுக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் உலவும் 'முக்கிய வினாக்கள்' முடிவுசெய்கின்றன. விடைத்தாளில் கறுப்பு மையில் துணைத்தலைப்பு, அதன்கீழ் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு, முன்னுரை, முடிவுரை, இவற்றுக்கிடையே தெரிந்தது எதுவோ அது என்பதே மரபு. லண்டன் பெருந்தீ 1666இல் ஒரு ரொட்டிக்கடையில் மூண்டது என்னும் ஒரே செய்தி, தேர்ந்த கையில் ஒன்றரைப் பக்கம் வரை எரியும். இம்மரபை முற்றிலும் இகழ்வதற்கில்லை. கட்டுக்கட்டாகத் திருத்தும் ஆசிரியரின் கண் முதலில் துணைத்தலைப்பில்தான் விழுகிறது.

ஆயினும் ஆண்டுகளைத் தனித்தனியே உருப்போடுவது பயனற்ற உழைப்பாகும். அவற்றைச் சென்னையோடு சேர்த்துப் படிப்பவருக்குக் காரணமும் காலமும் ஒருங்கே விளங்கும். 1600இல் முதலாம் எலிசபெத் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமைப் பட்டயம் அளித்தார். அக்கம்பெனியின் பிரான்சிஸ் டே 1639இல் சோழமண்டலக் கரையில் இடம் பெற, அடுத்த ஆண்டு அங்கே புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியபோது, லண்டனில் ஸ்டூவர்ட் அரசர் முதலாம் சார்லஸ் பாராளுமன்றத்தோடு மோதிக்கொண்டிருந்தார். அம்மோதல் உள்நாட்டுப் போராக முற்றி, 1649இல் அவர் தலை கொய்யப்பட்டது. 1660இல் அவர் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏற, முடியாட்சி மீண்டதையே மறுசீரமைப்பு என்பர். அவர் போர்ச்சுகல் இளவரசியை மணந்தபோது பம்பாய் சீதனமாக வந்தது என்று சொன்னால், சீதனத்தின் நெளிவுசுளிவுகளை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த எந்த மாணவரும் அந்த அரசரை மறப்பதற்கில்லை. 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓட, பாராளுமன்றத்தின் கை ஓங்கிய மாண்புறு புரட்சி நடந்த வேளையில், புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்கோட்டைக்குள் இருக்கும் தலைமைச் செயலகத்தைக் கடந்து செல்லும் பேருந்தில் நாள்தோறும் தொங்கிக்கொண்டு வருபவர் இத்தாளில் தோற்பாரானால், பழி டியூடர்களையோ ஸ்டூவர்ட்டுகளையோ சாராது.

எழுத்துத் தேர்வோடு கணக்கு முடிவதில்லை; பல கல்லூரிகளில் மொத்த மதிப்பெண் நூறில் 25 அகமதிப்பீட்டுக்கு உரியது. வகுப்புத் தேர்வும் அசைன்மெண்டும் அதில் அடங்கும். அசைன்மெண்டை ஒருவர் எழுத நாற்பது பேர் நகலெடுப்பது கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றில் சேர்க்கத்தக்கதேயாயினும், நாற்பது தாளிலும் ஒரே எழுத்துப்பிழை இருப்பதை ஆசிரியர் கவனிக்கவே செய்கிறார். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைந்தவர் அபராதம் கட்டித் தப்பலாம். மிகவும் குறைந்தவருக்கு எட்டாம் ஹென்றியே நேரில் வந்து பரிந்துரைத்தாலும் ஹால்டிக்கெட் கிடைக்காது.