ஒன்று போதும் உத்தமர்

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிற வேனில் எத்தனை பேர் ஏறினாலும், அவர்களில் ஒருவராவது பட்டியல்காரராக இருப்பார். சருகு நிறச் சட்டை, கழுத்தில் பைனாகுலர், கையில் இ-பேர்ட் செயலி திறந்த கைபேசி. வண்டி கிளம்புமுன்பே வழிகாட்டியிடம், "லைஃபர் எத்தனை தேறும்?" என்று கேட்டுவிடுவார். வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கிற பறவைதான் அவருக்குப் பறவை. ஏற்கெனவே பார்த்ததெல்லாம் காக்கைக் கணக்கு. உடன் வருகிறவர்கள் இவரைப் பேராசைக்காரர் என்று முணுமுணுப்பார்கள். அது அபாண்டம். இவ்வளவு சீக்கிரம் திருப்தியடைகிற மனிதரைத் துறவிகளிடையேகூடப் பார்க்க முடியாது. எந்தப் பறவையிலும் ஒன்றே ஒன்று போதும் இவருக்கு. குற்றம் சாட்டுவதானால் அந்தப் போதுமென்ற மனத்தின்மீதுதான் சாட்ட வேண்டும்.

பாலை மரங்கள் அடர்ந்த கோடியக்காட்டில் இவருக்கு வேண்டியது ஆறுமணிக்குருவி. அது சருகைப் புரட்டிக்கொண்டு வெளியே வரும்வரை மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். வந்ததா, படமெடுத்தாயிற்று, பதிந்தாயிற்று. அப்புறம் அதே குருவி முதுகுக்குப் பின்னால் நின்று விசிலடித்தாலும் திரும்பமாட்டார். முத்துப்பேட்டையில் இன்னும் வேகம். ஜாம்புவானோடையில் படகேறிக் கோரையாற்று வழியே போகும்போது, கருந்தலை மீன்கொத்தி ஒன்று செவ்வலகோடு குறுக்கே பறந்துவிட்டால், "போலாமா?" என்று படகுக்காரரைப் பார்ப்பார். 2018-இல் கஜா புயல் அந்த அலையாத்திக் காட்டை எப்படி உலுக்கிப்போட்டது என்று படகுக்காரர் அப்போதுதான் சொல்லத் தொடங்கியிருப்பார். ஆனால் மரங்களுக்குப் பட்டியலில் இடமில்லை. இவருடைய முழு மகிமையைக் காண வேதாரண்யம் சதுப்பு நிலத்துக்கு வர வேண்டும். குளிர்காலத்தில் உப்பளங்களை ஒட்டிய ஆழமற்ற நீரில் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் கூட்டங்கூட்டமாக மேயும். முதல் கொசு உள்ளானுக்கு ஒரு டிக். மிச்சமெல்லாம் இவர் கண்ணுக்கு வெறும் சேறு. 'எத்தனை?' என்று செயலி கேட்கும். எண்ணாதவர்கள் 'எக்ஸ்' போட்டுத் தப்பிக்கவும் அதில் வழியுண்டு. இவர் எக்ஸ் போடுவார். மொய் நோட்டில் பேரை மட்டும் எழுதித் தொகையை விட்டுவிட்டால் கல்யாண வீட்டார் சும்மா இருப்பார்களா?

இவர் சார்பாகவும் வாதாட ஆளுண்டு. பொழுதுபோக்க வந்தவரை ஏன் கணக்குப்பிள்ளையாக்க வேண்டும்? எக்ஸ் போட்டாலும், இன்ன நாளில் இன்ன பறவை இங்கே இருந்தது என்ற தகவலாவது மிஞ்சுகிறதே? மிஞ்சுகிறது, ஒன்றுமில்லாததற்கு அது மேல்தான். ஆனால், சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிற வளைமூக்கு உள்ளானை, அழியும் ஆபத்துள்ள இனமாக 2024-இல் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்களே, அது டிக்குகளை வைத்துச் சேர்த்ததல்ல. பல கரைகளில் பல பேர் ஆண்டுக்கணக்கில் எண்ணியிருந்ததால்தான் குறைந்தது தெரிந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் பத்து ஆனாலும் நம்மவர் ஏட்டில் அதே டிக்தான். கரையில் பறவைகள் குறையக் குறைய இவர் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகும். அவை நிம்மதியாக வாழ்கிற சரணாலயம் இவர் கைபேசி ஒன்றுதான். சரி, அலைந்துகொண்டே இருக்கிற கூட்டத்தை எப்படி எண்ணுவது என்பார்கள். ஐம்பதை எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்துக்கொண்டால், அதே அளவை வைத்து முழுக் கூட்டத்தையும் மதிப்பிட்டுவிடலாம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பள்ளிப்பிள்ளைகள்கூடச் செய்கிறார்கள். காலின் நிறத்தை வைத்தே இரண்டு உள்ளான்களைப் பிரித்துச் சொல்கிற கண் இவருடையது. அந்தக் கண்ணால் ஐம்பது எண்ண முடியாது என்றால் யார் நம்புவது?

ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று இவரிடம் உபதேசம் செய்து பயனில்லை. கூட்டிவிடுவதுதான் வழி. வடகிழக்கு ரஷ்யாவில் முட்டையிடும் கரண்டிமூக்கு உள்ளான் உலகத்திலேயே சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. முன்பு கோடியக்கரையிலும் பதிவானதுண்டு. உடம்பைப் பார்த்தால் ஏறக்குறைய கொசு உள்ளான்தான். மூக்கு நுனி மட்டும் தட்டையாக அகன்றிருக்கும். ஆகவே அதைத் தேடுகிறவர் ஒரு கொசு உள்ளானின் மூக்கையும் விட்டுவைக்க முடியாது. விவரம் தெரிந்த வழிகாட்டி, "சார், இந்தக் கூட்டத்துல கரண்டிமூக்கு இருந்தாலும் இருக்கும், ஒண்ணொண்ணா பாத்துருங்க" என்று ஸ்கோப்பை நிறுத்திக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது பட்டியல்காரர் முகம் வாடியிருக்கும். "முன்னூத்தி நாப்பத்தொண்ணு பாத்துட்டேன், எல்லாமே கொசு உள்ளான்தாங்க!" என்று புலம்புவார். வழிகாட்டி ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, கைபேசியை வாங்கி, எக்ஸை அழித்து 341 என்று போடுவார்.