ஆற்றலை அழிக்க ஆறு வழிகள்

ஆடி நோம்பிக்கு அக்கா குடும்பம் தாராபுரம் வந்திருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிற அக்கா மகள், தோட்டத்துச் சாளைத் திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்: ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கொரு தரம் கரண்ட் பில் கட்டுகிறவன் நான். ஆற்றலை அழிப்பதில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை அனுபவம் உண்டு.

"முடியாதுன்னு யாரு சொன்னது அம்மிணி? வா, காட்டறேன்" என்று கிளம்பினேன். அன்று நாங்கள் கையாண்ட வழிகளை வாசகர்கள் பயன்பெறும் பொருட்டுக் கீழே தருகிறேன்.

தேவையான பொருட்கள்: கிணறு ஒன்று. அஞ்சு எச்.பி. மோட்டார் ஒன்று. பஸ் டிக்கெட் இரண்டு. காற்று (ஆடி மாதம் என்றால் தனியாகத் தேட வேண்டாம்). கிடா விருந்து அழைப்பு ஒன்று. கேஸ் சிலிண்டர் ஒன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று (இது மட்டும் இல்லாவிட்டால் வெற்றி நிச்சயம்).

வழி 1: கிணற்றுத் தண்ணீரைக் கிணற்றுக்கே விடவும்

மோட்டாரைப் போட்டு, குழாயைத் திருப்பி அதே கிணற்றுக்குள் விடுங்கள். தோட்டத்துக் கரண்ட்டுக்குப் பில் கிடையாது என்பதால் மனசாட்சியும் உறுத்தாது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். நூறடிக் கிணற்றிலிருந்து சுமார் 12,000 லிட்டர் ஏற்ற அது போதும் என்கிறது கணக்கு. எங்கள் மோட்டார் அதில் பாதியை ஏற்றினாலே அதிசயம். மீதி? "அழிஞ்சு போச்சு" என்றேன்.

அவள் மோட்டாரின் முதுகில் விரலை வைத்து வெடுக்கென்று எடுத்தாள். "அழியலீங்க மாமா, இங்கதான் இருக்குது. சுடுது பாருங்க."

சரி, ஏறின தண்ணீர் கிணற்றிலேயே விழுகிறதே, அந்த ஆற்றல்? அதுவும் சூடாகத்தான் போகிறதாம். நூறடி விழுந்த தண்ணீர், ஒரு டிகிரியில் பதினாலில் ஒரு பங்கு சூடேறும். 1840களில் ஜேம்ஸ் ஜூல் என்ற இங்கிலாந்துக்காரர், எடைக்கல்லைக் கீழே இறங்க விட்டு, அதன் இழுப்பில் துடுப்புகளைச் சுழற்றித் தண்ணீரைக் கலக்கி, அந்தத் துளிச் சூட்டையும் அளந்து தொலைத்திருக்கிறார். மதுபானத் தொழில் செய்த குடும்பம். தொழிலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

வழி 2: ஓடுகிற பஸ்ஸை நிறுத்தவும்

பூளவாடிப் பக்கம் போக பஸ் ஏறினோம். நோம்பிக் கூட்டம். ஆளும் மூட்டையும் சேர்த்து வண்டி பதினைந்து டன் இருக்கும் என்று வையுங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறபோது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 21 லட்சம் ஜூல். டிரைவர் ஒரே மிதி மிதித்தார். வண்டி நின்றது, இயக்கமும் நின்றது. "இப்ப எங்க போச்சு, சொல்லு?"

இறங்கியதும் சக்கரத்துப் பக்கம் மூக்கைச் சுளித்துக் காட்டினாள். தீய்ந்த வாடை. ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவருகிற சூடு பிரேக்கில் இறங்கியிருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இதே கதைதான்.

வழி 3: காற்றைப் பிடித்து நிறுத்தவும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்றுக்கு எங்கள் ஊர்ப்பக்கம் மலையும் தடையில்லை, வெட்கமும் இல்லை. வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதனால்தான் திரும்பின பக்கமெல்லாம் காற்றாலைக் காத்தாடிகள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கிற திறன் எட்டு மடங்காகும். அதில் ஒரு பங்கை இறக்கை பிடுங்கிக்கொள்வதால், காத்தாடியைத் தாண்டின காற்று இளைத்துத்தான் போகிறது. காற்றின் ஆற்றல் காலி!

"கம்பியில போகுதுங்க மாமா" என்றாள், மேலே பார்க்காமலே.

முழுக் காற்றையும் நிறுத்திவிட்டால்? அதுவும் நடக்காது. பஸ் படிக்கட்டில் நிற்கிறவர் உள்ளே நகர்ந்தால்தான் அடுத்தவர் ஏற முடியும். அதுபோல, வந்த காற்று கொஞ்சம் வேகத்தோடு வெளியேறினால்தான் பின்னால் வருகிற காற்றுக்கு இடம். எந்தக் காத்தாடியும் நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் பிடுங்க முடியாது என்று பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார்.

வழி 4: தின்றுவிட்டுச் சும்மா இருக்கவும்

இது என் சொந்த வழி. மத்தியானம் கிடா விருந்து. கறியும் சோறும் ஆயிரம் கலோரிக்குக் குறையாது. அதாவது 42 லட்சம் ஜூல், ஒரு யூனிட்டுக்கும் மேல். இதைத் தின்றுவிட்டு வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் ஆற்றல் ஒழிந்தது.

ஒழியவில்லை. சும்மா இருக்கிற ஆளும் ஏறக்குறைய நூறு வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூடு விட்டுக்கொண்டே இருக்கிறார். பந்தலில் ஐநூறு பேர் என்றால் 50 கிலோவாட். "அஞ்சு எச்.பி. மோட்டார் பதிமூணு ஓடற மாதிரிங்க மாமா" என்று கணக்குச் சொன்னாள். பந்தலில் ஏன் அப்படிப் புழுங்கியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சமையல்காரரைத் திட்டியிருக்க வேண்டாம்.

வழி 5: கொதிக்கிற தண்ணீருக்குத் தீ மூட்டவும்

சாயங்காலம் அம்மா டீக்குத் தண்ணீர் வைத்தார். இதில்தான் எனக்குப் பெரிய நம்பிக்கை. தண்ணீர் 100 டிகிரியைத் தொட்டதும் அதற்கு மேல் சூடேறாது. அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் தெர்மாமீட்டர் அசையாது. உள்ளே போகிற சூடு கணக்கில் வராமல் மாயமாகிறதே!

அதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: உள்ளுறை வெப்பம். ஒரு லிட்டர் தண்ணீரை முப்பதிலிருந்து நூறு டிகிரிக்குக் கொண்டுவர 3 லட்சம் ஜூல்கூட ஆகாது. அதையே முழுக்க ஆவியாக்க இன்னொரு 22 லட்சத்துக்கும் மேல் வேண்டும். அவ்வளவும் ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. "வெந்நி பட்டாக்கூடத் தாங்கிக்கலாம் கண்ணு, ஆவி பட்டாத் தாங்க முடியாது" என்று பேத்தியைத் தள்ளி நிற்கச் சொன்னார் அம்மா. பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பாடம் தெரிந்திருந்தது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான்: கசிந்து ஆவியாகிற ஈரம், தனக்கு வேண்டிய சூட்டைப் பானைத் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறது.

வழி 6: ஆற்றலை விடுங்கள், பொருளையாவது அழிக்கவும்

டீ கொதிக்கும்போதே கேஸ் தீர்ந்தது. நான் துள்ளினேன். "வாங்கறப்ப உள்ள 14.2 கிலோ கேஸ். இப்ப வெறும் உருளை. பொருள் அழிஞ்சுதா இல்லையா?"

அவள் நோட்டை எடுத்தாள். எரிகிற கேஸ் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. அப்படிச் சேர்ந்து, அந்த 14.2 கிலோவும் நாற்பது கிலோவுக்கு மேல் கரியமில வாயுவாகவும் இருபது கிலோவுக்கு மேல் நீராவியாகவும் எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகப் போயிருந்தது. அழிக்கப் போய் எடையைக் கூட்டியிருக்கிறேன். கூடின எடை, காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனுடையது. மூடின பாத்திரத்தில் எரித்து நிறுத்துப் பார்த்தால் முன்னும் பின்னும் ஒரே எடை என்று காட்டியவர் பிரான்ஸ் நாட்டு லவாய்சியர். 1794இல் அவர் தலையை வெட்டிவிட்டார்கள். விதி மட்டும் தப்பித்துக்கொண்டது.

எச்சரிக்கை

ஆறு வழிகளும் தோற்றபின் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும். அதற்குத் தயாராக இருங்கள். "அழியவே அழியாதுன்னா, அப்பறம் எதுக்குங்க மாமா மிச்சம் பிடிக்கச் சொல்றாங்க?"

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னேன்: "ஒரு மூட்டை சில்லறையை அமராவதி ஆத்து மணல்ல கை கையாத் தூவிட்டு வந்தா, காசு அழிஞ்சு போச்சா? அழியல. ஆத்துலதான் கிடக்குது. ஆனா அதைப் பொறுக்கி ஒரு டீ குடிக்க முடியுமா?" மோட்டார் முதுகில் இருக்கிற சூட்டை வாரி எடுத்து மறுபடி ஒரு குடம் தண்ணீர் இறைக்க முடியாது. பிரேக்கில் போனது பஸ்ஸை நகர்த்தாது. பந்தல் புழுக்கத்தில் சோறு வேகாது. எல்லாம் இருக்கிறது, உதவாத இடத்தில், உதவாத வடிவத்தில் சிதறிக் கிடக்கிறது.

ஆகவே வாசகர்களே, ஆற்றலை அழிக்க வழியில்லை. வீணாக்கத்தான் முடியும். அதற்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை: முதல் வழிக்காகக் காலையில் போட்ட மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.