பக்கத்தூர் விருந்தாளித் தம்பதி

விருந்தோம்பல் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி வீட்டுக்காரரை நோக்கியே எழுதப்பட்டது. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்திலுள்ள பத்துக் குறளும் வந்தவரை எவ்வாறு வரவேற்க வேண்டும், உண்ணும்போது முகத்தை எவ்வாறு வைத்திருக்க வேண்டும் என்று அவருக்கே எடுத்துரைக்கின்றனவேயன்றி, வந்தவர் எத்தனை நாள் தங்கலாம், மூன்றாவது தோசையை எந்தக் கட்டத்தில் மறுக்கலாம், ஏசியைக் குறைக்கச் சொல்லலாமா கூடாதா என்பன பற்றி விருந்தினருக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. வள்ளுவர் விட்டுவைத்த இந்த வெற்றிடத்தில் தமக்கென ஓர் ஒழுக்க நெறியைத் தாமே வகுத்துக்கொண்டவர்களுள், ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் ஆலைப் பகுதியிலிருந்து திருமணமான முதல் கோடையில் சென்னை நண்பர் வீட்டுக்குப் புறப்படும் இளந்தம்பதி தனியே ஆராயத்தக்கவர்கள்.

இவ்வகையினருக்கு மாதிரியாக வடக்குப்பட்டுத் தம்பதியைக் கொள்ளலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்துள்ள இச்சிற்றூரில் 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, மேலே சங்ககாலத்தைச் சேர்ந்த பானை ஓடுகளும் கீழே வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர் செதுக்கிய கற்கருவிகளும் கிடைத்தன. ஆகவே இவ்வூருக்கு உற்பத்தித் தொழிலைச் சிப்காட்தான் கொண்டுவந்தது என்று, அதாவது ஆலைகளுக்கு நிலம் ஒதுக்குவதற்காக 1971இல் அரசு தொடங்கிய நிறுவனம்தான் கொண்டுவந்தது என்று சொல்வது வரலாற்றுப்படி முழு உண்மையாகாது; சிப்காட் கொண்டுவந்தது ஷிப்டை மட்டுமே. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் கார்களும், 2012இல் அதற்கருகே டைம்லர் லாரிகளும் வெளிவரத் தொடங்கியபின், இப்பகுதியில் ஒருவர் எந்நேரம் உறங்குகிறார் என்பதைச் சூரியனைக் கொண்டு கணிக்க இயலாமற் போயிற்று. கணவர் காருக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரம் பார்ப்பவர். மனைவி கைப்பேசி பொருத்தும் ஆலையில் வரிசையில் நிற்பவர். இருவரும் வேறு வேறு ஷிப்டில் இருக்கும் வாரங்களில், திருமணம் ஆகிவிட்டது என்பதற்குச் சான்றாகக் கழுவி வைத்த டிபன் பாக்ஸ்கள் மட்டுமே வீட்டில் காணப்படும்.

இத்தம்பதியை உருவாக்குவது அண்மையே. மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வருபவர் ரயில் முன்பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்துவிடுகிறார். நாற்பது, ஐம்பது கிலோமீட்டரில் இருப்பவரோ "பக்கத்துலதானே, எப்ப வேணாலும் வரலாம்" என்று சொல்லிச் சொல்லியே நான்கைந்து ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார். பாலிடெக்னிக் விடுதியில் ஒரே அறையில் இருந்த நண்பர் வேளச்சேரியில் குடியேறி, மணமாகி, அடுக்ககத்தில் வீடும் வாங்கிய பின்னரும் இந்த "எப்ப வேணாலும்" தொடர்கிறது. அதனை முடிவுக்குக் கொண்டுவருவது மொய். தைமாதத் திருமணத்துக்கு நேரில் வர இயலாத நண்பர், மணமக்களுக்குத் தரும் பணமான மொய்யை ஜிபேயில் அனுப்பிவிடுகிறார். அனுப்பியவருக்குக் குற்றவுணர்வு, பெற்றவருக்குக் கடனுணர்வு, ஆகவே இருதரப்பும் "விருந்துக்கு வாங்க", "கட்டாயம் வர்றோம்" என்று வாரந்தோறும் சொல்லிக்கொள்ள நேர்கிறது. ஆடி பிறந்தால் புதுப்பெண் தாய்வீடு சென்றாக வேண்டும் என்பது ஒரு கெடு. ஷட்டவுன் கோடையில்தான் வருகிறது என்பது மற்றொன்று. பராமரிப்புக்காக ஆலையின் வரிசைகளைச் சில நாள் நிறுத்திவைப்பதற்கே இப்பெயர். எனவே சுற்றுலாவுக்குச் சற்றும் பொருந்தாத கத்திரியில், அதாவது பஞ்சாங்கம் அக்னி நட்சத்திரம் என்று குறிக்கும் மே 4 முதல் 28 வரையிலான நாட்களில், இப்பயணம் நிகழ்கிறது.

புறப்பாட்டின்போதே தம்பதியின் இயல்பு வெளிப்பட்டுவிடும். நண்பர் தொலைபேசியில் "ஓலா புக் பண்றேன் மச்சான்" என்கிறார். மனைவியோ 2021 மே மாதத்திலிருந்து அரசுச் சாதாரணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால், முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய வண்டி வரும்வரை நகர்வதில்லை என்று உறுதியாக இருக்கிறார். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறிப் படப்பை, தாம்பரம் வழியாக வேளச்சேரி சேரும்போது அவர் மிச்சப்படுத்திய தொகை, காத்திருந்த நேரத்தில் கணவர் குடித்த இரண்டு மோருக்கும் ஒரு சர்பத்துக்கும் ஏறக்குறைய ஈடாகிவிடுகிறது. கையில் ஒரு மஞ்சள்பை நிறைய முருங்கைக்காயும், பனையோலையில் முடிந்த நுங்கும் உண்டு. தங்கள் பக்கத்து நுங்கு தங்களுக்கு முன்பே லாரியேறி வந்து நண்பரின் தெருமுனையில் விற்பனையாகிக் கொண்டிருப்பதைத் தம்பதி இறங்கியவுடன் பார்க்கிறார்கள். பார்த்ததைப் பற்றி ஒருவரிடமொருவர் எதுவும் பேசுவதில்லை.

வாசலில் எழும் முதற்சிக்கல் உறவுமுறை பற்றியது. நண்பர்கள் இருவரும் "மச்சான்" என்பதோடு நிறுத்திக்கொள்வர். நண்பரை "அண்ணா" என்று அழைப்பதிலும் புதுப்பெண்ணுக்குத் தயக்கமில்லை. ஆனால் இரு பெண்களும் முன்பின் பார்த்திராதவர்கள் என்பதால், மரியாதை கருதி ஒவ்வொருவரும் மற்றவரை "அக்கா" என்றழைக்க, அவ்வழைப்பை ஏற்றால் வயதையும் ஏற்றதாகிவிடும் என்பதை இருவரும் ஒரே நொடியில் உணர்ந்து திகைக்கின்றனர். எந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார்கள் என்ற பேச்சு தற்செயலாக வருவதுபோல வந்து, ஒன்பது மாத வேறுபாட்டில் வீட்டுக்காரரின் மனைவி அக்காவாகத் தீர்மானிக்கப்படும்வரை காபி ஆறிக்கொண்டிருக்கும்.

அடுத்தது வெயில் பற்றிய போட்டி. நகரத்தார் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதைத் தம் குடும்பச் சொத்துபோல் எடுத்துவைப்பர். விருந்தாளியோ, சென்னைக்கு மதியத்திலேயே கடற்காற்று வந்துவிடும், அது உள்ளே ஒரகடம் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும், ஆதலால் உண்மையான வெயில் தங்களுடையதே என்று வாதிடுவார். அறிவியல் ஓரளவு விருந்தாளியின் பக்கமே உள்ளது. எனினும் இந்த வெற்றி அவருக்கே தீங்காக முடிகிறது. "அப்படின்னா முதல்ல ஏசியைப் போடு" என்று நண்பர் மனைவிக்குக் கட்டளையிட, தம்பதி ஒரே குரலில் "ஐயோ, எங்களுக்கு ஏசி ஒத்துக்காது" என்கிறார்கள்.

இவ்வகையினரின் மையப் பண்பு இந்தப் பொய்யில்தான் அடங்கியிருப்பதால் இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். மனைவி ஆண்டு முழுவதும் குளிரூட்டிய தளத்தில், நிலைமின்சாரத்தைத் தடுக்கும் அங்கியும் தொப்பியும் அணிந்து எட்டு மணி நேரம் நிற்பவர். வேளச்சேரி அடுக்ககத்தார் அனைவரும் சேர்ந்து அனுபவித்த ஏசியைவிட அவர் ஒருவர் அனுபவித்தது மிகுதி. ஆயினும் அவர் மறுப்பதற்குக் காரணம், தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது என்பதும், 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள படிகளின் விகிதமும் சேர்ந்து உயர்கிறது என்பதும், நண்பரின் கண் ரிமோட்டுக்கும் சுவரிலுள்ள மீட்டர் பெட்டிக்கும் இடையே ஒருமுறை சென்று மீண்டது என்பதுமே. மறுப்பைக் கேட்ட நண்பருக்கு நிம்மதி. நிம்மதி முகத்தில் தெரிந்துவிட்டதே என்ற வெட்கம். வெட்கத்தை மறைக்க அவர் 27இலிருந்து 22க்குக் குறைக்கிறார். அன்றிரவு ஏசி உள்ள ஒரே படுக்கையறையை யார் எடுத்துக்கொள்வது என்ற பேச்சுவார்த்தை பதினொன்றரை மணி வரை நீள்கிறது. புதுமணத் தம்பதிக்கே அறை என்று ஒரு தரப்பு. வீட்டுக்காரர் கூடத்தில் படுப்பது முறையாகாது என்று மறுதரப்பு. முடிவில் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, தரையில் பாய் விரித்து, பெண்கள் ஒருபுறமும் ஆண்கள் மறுபுறமுமாக நால்வரும் ஒரே அறையில் படுக்கின்றனர். கல்யாண விருந்து என்று அழைத்துப் புதுத்தம்பதியைப் பிரித்து உறங்கவைக்கும் ஏற்பாடு உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அதிகாலை நான்கரைக்கு, கம்பெனிப் பேருந்து வரும் நேரத்தில், கணவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. செய்வதற்கு ஏதுமின்றிக் கீழே இறங்கும் அவர், தொட்டிக்கு மோட்டார் போடுகிறார், காவலாளியோடு டீ குடிக்கிறார், மெட்ரோ வாட்டர் லாரி எந்தெந்த நாளில் வரும் என்பதை நண்பர் நான்காண்டில் அறியாத துல்லியத்துடன் அறிந்துகொள்கிறார். அந்நகரம் குடிக்கும் நீரில் ஒரு பங்கு, தாம் நாள்தோறும் கேட்கும் பெயரான செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வருவது என்பதும், தங்களுக்கு மிக அருகிலுள்ள அந்த ஏரி 2019 கோடையில் வறண்டபோது இங்கே குடங்கள் வரிசையில் நின்றன என்பதும் அவருக்குத் தெரியும். அவர் அதைப் பேச்சில் எடுப்பதில்லை. தன் ஊர் ஏரியின் நீரை நண்பர் வீட்டில் குடித்துவிட்டு "தண்ணி நல்லா இருக்கு" என்று பாராட்டுவதே விருந்தாளிக்கு அழகு என்று அவர் கருதுகிறார்.

பொருள்களிடத்திலும் இதே நிலைதான். நண்பர் தவணையில் வாங்கிய காரைக் கீழே காட்டும்போது, விருந்தாளியின் சுட்டுவிரல் தன்னையறியாமல் கதவின் இடுக்கு வழியே மேலிருந்து கீழாக ஓடி, ஓரிடத்தில் நின்று, மீண்டும் ஓடுகிறது. அரை மில்லிமீட்டர் வேறுபாடு. "சூப்பர் வண்டி மச்சான்" என்று அவர் சொன்னபோதிலும், அவ்விரல் நின்ற இடத்தை நண்பர் அன்றுமுதல் ஒவ்வொரு காலையிலும் குனிந்து பார்க்கிறார். மேலே அக்கா தம் ஐபோனை நீட்டிப் படம் எடுக்கச் சொல்கிறார். புதுப்பெண் அதனைக் கையுறையின்றித் தொடுவது அதுவே முதன்முறை என்பதால் பின்னட்டையைப் புறங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்கிறார். விலையைக் கேட்டபின் இன்னொரு முறை துடைத்துத் திருப்பித் தருகிறார்.

மறுநாள் ஊர்சுற்றல். விருந்தாளி வராவிட்டால் நகரத்தார் தம் நகரைப் பார்ப்பதில்லை என்பது வெளிப்படை. மெரினாவில் மாங்காய்ப் பத்தை எங்கே நன்றாயிருக்கும் என்பதை நண்பர் விருந்தாளியிடமே கேட்டறிகிறார். விலங்குக்காட்சிக்கு என்று வண்டலூருக்குக் காரில் அழைத்துச் செல்கிறார். வண்டலூரோ ஒரகடம் போகும் சாலை பிரியுமிடம். அதாவது விருந்தாளியைப் பாதி வழிக்கு மேல் அவரது ஊருக்கே திருப்பிக் கொண்டுசேர்த்துவிட்டார் என்பதும், அன்று செவ்வாய்க்கிழமை, பூங்காவுக்கு விடுமுறை என்பதும் வாசலில் ஒருசேரத் தெரியவருகின்றன. "இப்படியே ரைட்ல போனா நம்ம வீடு" என்று புதுப்பெண் சொல்லும்போது அக்குரலில் இருந்த ஆர்வத்தை நண்பர் வேடிக்கை என்று எடுத்துக்கொள்கிறார்.

ஈடுசெய்வதற்காக எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனத்தில், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் சேர்த்த தொல்கருவிகள் உள்ளன. அவர் இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்ததும் ஒரு கோடை நாளில்தான். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்தார். அக்காவும் நண்பரும் கண்ணாடிப் பெட்டிகளை நடையின் வேகம் குறையாமல் கடந்துவிடுகின்றனர். தரம் பார்ப்பவர் மட்டும் நின்று, செதுக்கிய ஓரத்தைக் கண்ணாடிமேல் விரலால் தடவி, இடப்பக்கம் சரியாக வந்துள்ளது, வலப்பக்கத்தில் ஒரு சில்லு கூடுதலாகப் போய்விட்டது, இது ரிஜெக்ட் ஆனதால்தான் எறிந்திருப்பான் என்கிறார். "நம்ம ஊர்ல தோண்டினப்பவும் இதே மாதிரிதாங்க இருந்துச்சு" என்கிறார் மனைவி. அப்பயணம் முழுவதிலும் இருவரும் ஒன்றாக நின்று நெடுநேரம் பார்த்தது இதனையே.

அடுக்ககத்து அண்டைவீட்டார் விருந்தாளியைக் காணும்போது கேட்பவை மூன்று. எந்த ஊர், வேலை பெர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா, அந்தப் பக்கம் கிரவுண்டு என்ன போகிறது. கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி கொண்ட மனையளவு. வடக்குப்பட்டு என்ற பெயரைக் கேட்டு விழிப்பவர்கூட ஒரகடம் என்றதும் தெளிவடைந்து நேரே மூன்றாவது கேள்விக்குச் சென்றுவிடுவார். ஏனெனில் நகரத்து மத்தியதர வகுப்பினரில் கணிசமானோருக்கு ஒரகடம் என்பது மனை விற்பவர்கள் ஒரு முறை வேனில் அழைத்துச் சென்று, மதியச் சாப்பாடு போட்டு, சுண்ணாம்புக் கோடுகளைக் காட்டித் திருப்பிக்கொண்டுவந்து விட்ட இடமாகும்.

நண்பரும் அவர்களுள் ஒருவர் என்பது கடைசி நாள் மாலையில்தான் தெரியவருகிறது. தாம்பூலத்தட்டில் வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, புதுப்பெண்ணுக்கு ஒரு புடவை ஆகியவற்றின் அடியில் மடித்த காகிதம் ஒன்று இருக்கிறது. அது லேஅவுட், அதாவது மனைப்பிரிவு வரைபடத்தின் நகல். அதில் ஒரு கட்டம் மட்டும் பச்சை மையால் தீட்டப்பட்டுள்ளது. "உங்க ஊர்லேர்ந்து ரெண்டு கிலோமீட்டர்தான் மச்சான், சும்மா அந்தப் பக்கம் போனா கல்லு நாலும் இருக்கான்னு ஒரு பார்வை" என்கிறார் நண்பர், விருந்து முழுவதிலும் காணாத பணிவுடன். அடுத்த மாதம் குடும்பத்தோடு தாங்களே வருவதாகவும் உறுதியளிக்கிறார்.

அடுத்த ஞாயிறு தம்பதி வண்டியெடுத்துச் சென்று பார்க்கையில் இரண்டு எல்லைக்கற்கள் நின்றன, ஒன்று சாய்ந்திருந்தது, நான்காவது டீக்கடையில் துவைக்கும் கல்லாகியிருந்தது. கடைக்காரரிடம் பேசி அதனை மீட்டு, கடப்பாரை இரவல் வாங்கி நட்டு, சாய்ந்ததையும் நிமிர்த்தி, ஆடுகள் சட்டகத்துக்குள் வராதபடி மனைவி ஓட்டிவிட, கணவர் நான்கு மூலையையும் படமெடுத்து அனுப்பினார். படங்கள் தெளிவாக இருந்தபடியால் நண்பர் நேரில் வரவேண்டிய தேவை நீங்கியது.