நிலைக்கு வந்த தேரடி

திருவொற்றியூரில் பழமையைக் காக்கும் எளிய வழி, அதன் பெயரை ரயில் நிலையத்துக்குச் சூட்டிவிடுவது. சென்னை ஆளுநர் ஜோசப் காலெட் பெயரில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த நெசவாளர் குடியிருப்பு, மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. இப்போது அங்கே ஊரே மெட்ரோத் தூண்களின் காலடியில். வண்ணாரப்பேட்டை–விம்கோ நகர் தடம், சுமார் 9 கிலோமீட்டர், 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. தேரடி நிலையம் மட்டும் 2022 மார்ச்சில்தான் திறந்தது. தேர் என்றால் நிலைக்கு வர நேரம் பிடிக்கத்தானே செய்யும்! மகிழ மரத்தடியில் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த ‘பிரியேன்’ என்ற வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்குப் பார்வை போனது என்பது தலபுராணம். கெடு தாண்டும் கட்டுமானங்களுக்கு அந்தத் தண்டனை கிடையாது. தூசி விழுவது தடுப்புத் தகரத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும் கடைக்காரர் கண்ணில்தான்.